எங்கட வீட்டிலயும் ஆடுங்கோ

மைக்கைக் கண்டால் நான் நானாக இருப்பதில்லை என்று அம்மா அடிக்கடி சொல்வார். போன மார்கழி வரைக்கும் அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

இறுதியாண்டுப் பரீட்சை முடிந்திருந்தது. பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், எங்கள் கோயில் பங்கில் கிடைத்த வேலைகளையெல்லாம் என் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு. இளைஞர் ஒன்றியத்தில் கரோல் ஒழுங்குகள். நத்தார் கலைநிகழ்ச்சியான ஒளிவிழாவுக்கு நான்தான் அறிவிப்பாளர். ஃபாதர் ஒரு வேலையைச் சொல்லி முடிப்பதற்குள் "நான் செய்யிறன் ஃபாதர்" என்று கை தூக்கிவிடுவேன். "முதல் என்ன வேலையெண்டு கேளும் பிள்ளை" என்பார் அவர்.

எங்கள் ஊர்க் கரோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நத்தாருக்கு முந்திய நாட்களில், பொழுது பட்டதும், ஒரு சின்னப் பட்டா லொறியில் மேளம், கித்தார், ஒலிபெருக்கியோடு ஏறிக்கொள்வோம். துறைமுகப் பக்கத்து ஒழுங்கைகளில் தொடங்கி ஓர்ஸ் ஹில் ஏற்றம் வரைக்கும் வீடு வீடாகப் போவோம். கூடவே நத்தார் பாப்பாவும் வருவார். சிவப்பு உடுப்பு, பஞ்சுத் தாடி வைத்த முகமூடி, தோளில் சாக்கு. வாசலில் நின்று மணியை ஆட்டி, பைலா ஒன்று ஆடி, சாக்குக்குள் கையை விட்டு, பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பரிசு கொடுப்பார். பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். எங்கேயோ பனிக்குள் இருந்து வந்த மனிதருக்குத் தன் பெயர் எப்படித் தெரிந்தது?

தாய் தகப்பன்தான் அந்தப் பரிசை வாங்கி, கடதாசி சுற்றி, பெயர் ஒட்டி, பிள்ளைக்குத் தெரியாமல் எங்களிடம் முதலே தந்திருப்பார்கள். அவற்றைச் சேர்த்து ஒளித்து வைப்பதும் என் வேலை. வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் ஒருவரும் வெளியில் விடமாட்டார்கள். அடுத்த வீட்டுச் சண்டையை ஒலிபெருக்கி வைத்தாற்போலச் சொல்லித் திரிகிற வாய்கூட இந்த ஒரு விஷயத்தில் பூட்டியே இருக்கும். எங்களுக்குள் அப்படி ஓர் எழுதாத சட்டம்.

இந்தமுறை புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரே அரிப்பு. வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்து, நத்தார் பாப்பாவிடம் என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னேன். பெயர் போட்டு, மடித்து, ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போடச் சொன்னேன். நத்தார் பாப்பாவிடம் நானே சேர்ப்பிப்பேன் என்றும் சொன்னேன். "அவரிட்ட போன் இருக்கோ ரீச்சர்?" என்று ஒரு பெடியன் கேட்டான். "ஓம், என்னட்ட நம்பர் இருக்கு" என்றேன். அது பொய்யே இல்லை.

அன்று மத்தியானம் சோறு ஆறிப்போவதும் தெரியாமல் துண்டுகளை வாசித்தேன். பொம்மை, சைக்கிள் என்று வழமையானவை பாதி. மிச்சப் பாதிதான் சங்கதி.

"உங்கட வண்டிக்கு மான் காணாட்டி எங்கட ஊர் ரோட்டில திரியிற மானைக் கொண்டுபோங்கோ. அம்மாட செவ்வரத்தை முழுக்கத் திண்டிட்டுது. கயிறு நான் தாறன்."

"எனக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிற நேரம் கொப்பளிப்பான் வர வேணும். நோகாத, மேல் கடிக்காத கொப்பளிப்பான்."

"தம்பி வேணும். மூண்டாம் வகுப்பில இருந்து தொடங்கிற தம்பி. பேபி வேண்டாம். பக்கத்து வீட்டில இருக்கு, சரியான சத்தம்."

"துறைமுகத்தில நிக்கிற பெரிய கப்பல்ட ஹோர்ன் வேணும். கப்பல் வேண்டாம், வைக்க இடமில்லை."

வகுப்புப் பிள்ளை ஒன்றோடு விளையாட வந்து, அன்று பின் வாங்கில் குந்தியிருந்த, அந்தப் பிள்ளையின் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெடியனும் ஒரு துண்டு போட்டிருந்தான். "நான் கோயிலுக்கு வாறேல்ல. ஆனா பந்து எல்லாருக்கும் பொதுதானே."

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே எடுத்துவிட்டது. குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, விசர் பிடிச்சிட்டுதோ?" என்றார். இதெல்லாம் ரின்னுக்குள் கிடந்து வீணாகப் போகக் கூடாது, ஒளிவிழா மேடையில் வாசிக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். பெயரைச் சொல்லாமல் வாசித்தால் ஒருவருக்கும் ஒரு பிழையும் வராது. அப்படித்தான் நினைத்தேன்.

கடைசியாக விரித்த துண்டு, ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தியுடையது. பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதியிருந்தாள்.

"நத்தார் பாப்பா, போன முறை நீங்கள் எல்லா வீட்டிலயும் ஆடினீங்கள். எங்கட வீட்டில மட்டும் ஆடேல்ல. கதைக்கவும் இல்ல. தந்திட்டு ஓடிட்டீங்கள். நான் என்ன குழப்படி செய்தனான்? இந்த முறை எங்கட வீட்டிலயும் ஆடுங்கோ. பரிசு தராட்டியும் பரவாயில்ல."

இதை வாசித்துவிட்டு நான் கட்டிலில் விழுந்து சிரித்தேன். உடனே எங்கள் மேளக்காரப் பெடியனுக்குப் போன் அடித்து வாசித்துக் காட்டினேன். அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். ஏனென்றால் எங்கள் நத்தார் பாப்பா வேறு யாருமில்லை, அந்தப் பிள்ளையின் தகப்பன்தான்.

அவர் துறைமுகப் பக்கத்தில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். ஆள் மெலிவு. ஆனால் அந்தச் சிவப்பு உடுப்பைப் போட்டுவிட்டாரென்றால் முழங்கால் மழைச் சேற்றில் புதையப் புதைய ஆடுவார். கதிரையை விட்டு எழும்பாத கிழவர்களையும் வாசலுக்கு இழுத்துவிடுவார். வீட்டிலும் மகளோடு அப்படித்தான். அவளைத் தன் பாதங்களின் மேல் ஏற்றி நிறுத்திவைத்து ஆடுவாராம். அதுதான் சிக்கல். போனமுறை அவருடைய ஒழுங்கைக்குள் லொறி திரும்பியதும் மனிதர் முகமூடியை இறுக்கிக் கட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு யாருடையதோ மழைச் சப்பாத்தை மாட்டினார். "என்ட ஆட்டம் அவளுக்குத் தெரியும். குரலும் தெரியும்" என்றார். சொந்த வீட்டு வாசலில் மரம்போல நின்று, பார்சலை நீட்டிவிட்டு, ஓடிவந்து லொறியில் ஏறினார். முகமூடியைத் தூக்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பிடிச்சிட்டாளோ?" என்று எங்களைக் கேட்டார். நாங்கள் வழி முழுக்க அவரைப் பகிடி பண்ணிக்கொண்டு போனோம்.

இவ்வளவும் தெரிந்த நான், அந்தத் துண்டை என்ன செய்திருக்க வேண்டும்? இன்றைக்கு எழுதும்போது அது அவ்வளவு சுலபமாகத் தெரிகிறது. அன்றைக்கு அதை நிகழ்ச்சித் தாளில் கடைசியாகக் குறித்துக்கொண்டேன். அதுதான் ஆகச் சிரிப்பானது.

ஒளிவிழா அன்று பின்னேரம் முழுக்க மழை. மண்டபம் நிறைந்து, நனைந்த குடைகள் வாசலில் குவிந்து கிடந்தன. சின்னப் பிள்ளைகளின் பாட்டுக்கும் பாலன் பிறப்பு நாடகத்துக்கும் இடையில் எனக்கு நேரம். ரின்னோடு மேடைக்கு வந்தேன். மான் துண்டை வாசித்தபோது கூட்டம் அதிர்ந்தது. எழுதிய பெடியன் வாங்கில் ஏறி நின்று, "அது நான்! நான்!" என்று கும்பிடு போட்டான். கொப்பளிப்பான்காரனின் தாய் அங்கேயே அவன் காதைத் திருகினாள், அவன் சிரித்துக்கொண்டே நெளிந்தான். பெயர் சொல்லாவிட்டாலும் ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடையது வந்ததும் துள்ளியது. எனக்கு இன்னும் சூடு ஏறியது.

அந்தப் பிள்ளை முன்வரிசையில் இருந்தாள். அடுத்து வரும் நாடகத்தில் அவள் வானத்திலிருந்து செய்தி கொண்டுவரும் சம்மனசு. முதுகில் மட்டையில் வெட்டி, வெள்ளிக் கடதாசி ஒட்டிய செட்டை. சாய்ந்து இருந்தால் நசுங்கிவிடும் என்று நிமிர்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் அவளைக் கண்டேன். காணவில்லை என்று சொல்ல மாட்டேன். தன் துண்டு வாசிக்கப்பட்டால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"போன முறை நீங்கள் எல்லா வீட்டிலயும் ஆடினீங்கள்" என்று பிள்ளைக் குரலில் இழுத்துத் தொடங்கினேன். அவள் முகம் மலர்ந்தது. "எங்கட வீட்டில மட்டும் ஆடேல்ல" என்றதும் பெரியவர்கள் பக்கத்தில் ஒரு குறுகுறுப்பு. விளங்கிவிட்டது அவர்களுக்கு. "நான் என்ன குழப்படி செய்தனான்?" என்று நான் மூக்கை உறிஞ்சி நடித்தபோது மண்டபமே வெடித்துச் சிரித்தது. ஒவ்வொரு தலையாகப் பின்னுக்குத் திரும்பியது. அங்கே, வாசலடியில், வந்தவர்களுக்குக் கொடுக்கிற பற்றிஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு தகப்பன் நின்றிருந்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் அவருடைய தோளில் தட்டினார்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். மைக் என் கையில் இருந்தது. நானும் அவரைப் பார்த்து, "கேள்வி வந்திட்டுது. பதில் வருமோ?" என்றேன். சிரிப்பு இன்னொரு மடங்கு எழும்பியது.

எல்லோரும் எதைப் பார்க்கிறார்கள் என்று அவளும் எழும்பித் திரும்பினாள். செட்டை இடித்துவிடாமல் கவனமாகத் திரும்பினாள். தட்டோடு நின்ற அப்பாவைப் பார்த்தாள். அவர் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் பாதிச் சிரிப்பில் நின்றார். அவள் ஒருதரம் என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் அவரை. அழவில்லை. உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்தது.

நாடகத்தில் அவளுக்கு ஒரே ஒரு வசனம். திரைக்குப் பக்கத்தில் நின்று, மறந்துவிடுவாளோ என்று பயந்தபடி பார்த்திருந்தேன். மறக்கவில்லை. தெளிவாகச் சொல்லிவிட்டு இறங்கினாள். மறந்து அழுதிருந்தால் ஓடிப்போய்த் தூக்கியிருப்பேன். அதற்கும் அவள் இடம் வைக்கவில்லை.

விழா முடிந்ததும் அவளுடைய தாய் என்னைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தாள். "தங்கச்சி, ஆக்களைச் சிரிக்க வைக்க உங்களுக்கு வேற துண்டு கிடைக்கேல்லையோ?"

"அக்கா, நான் பேர் சொல்லேல்ல..."

"பேர் சொல்லத் தேவையில்லை. ஆளைக் காட்டிவிட்டனீங்கள்தானே."

தகப்பன் பின்னால் வந்தார். "விடு. எப்பயோ ஒருநாள் தெரியத்தானே வேணும்" என்று மனைவியைச் சமாதானப்படுத்தினார். எனக்கு மூச்சு வந்தது. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அதற்குள் அவர் என் பக்கம் திரும்பி, சத்தம் போடாமல் கேட்டார்.

"தங்கச்சி, அந்தத் துண்டு உங்களிட்ட எப்ப வந்தது?"

"போன ஞாயிறு, அண்ணா."

"ம். ஒரு வருஷமா அவள் தன்னைப் பிடிக்காமத்தான் நான் ஓடினனான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. என்னட்ட முதல் சொல்லியிருந்தா, எப்பிடியெண்டாலும் ஆடியிருப்பன்."

மிச்சப் பற்றிஸை ஒரு பையில் போட்டுக்கொண்டு, மகளைத் தூக்கி மழைக்குள் நடந்தார். அவள் அவர் தோளில் முகம் வைத்திருக்கவில்லை. நிமிர்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டு போனாள்.

நத்தார் பாப்பாவின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. அதைப் பிள்ளைகளிடம் பெருமையாகவும் சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளை என்னை நம்பி ஒரு விண்ணப்பம் தந்தாள். அதைச் சேர்க்க வேண்டிய ஆள் யாரென்று ஊரில் மற்ற எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு போன் அடித்திருந்தால் போதும். நான் அடித்தேன், மேளக்காரனுக்கு. அன்றிரவு அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. "நீ அந்தப் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேட்டனியோ?" என்று மட்டும் கேட்டார். தாய் தகப்பனிடம் கேட்டேனோ என்று கேட்கவில்லை. பிள்ளையிடம்.

அடுத்தநாள் வெண்ணெய்க் கேக்கோடு போனேன். அவள் விறாந்தையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். மன்னிப்பு என்ற சொல்லை வழி முழுக்க வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் போனேன். அவளைக் கண்டதும் படித்த மூளை வேலை செய்யத் தொடங்கியது. உண்மையான நத்தார் பாப்பாவுக்கு உலகம் முழுக்க ஒரே நாளில் போக ஏலாது, அதனால் ஊருக்கு ஊர் நல்ல அப்பாமாரைத் தெரிவு செய்து உதவிக்கு வைத்திருக்கிறார், உங்கட அப்பா அதில ஒராள் என்று சோடித்து, கை ஆட்டி, பெரிய கதையாகச் சொன்னேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டாள்.

"ஓம் ரீச்சர்" என்றாள்.

ஒரு பிள்ளை நம்பும்போது சொல்கிற ஓம் வேறு. வீட்டுக்கு வந்த பெரியவர் சங்கடப்படக் கூடாது என்பதற்காகச் சொல்கிற ஓம் வேறு. கேக்கை வைத்துவிட்டு வந்துவிட்டேன். மன்னிப்பு வாய்க்குள்ளேயே இருந்தது.

கரோல் தொடங்கும் அன்று தகப்பன் அந்தச் சிவப்பு உடுப்பை ஒரு பையில் கொண்டுவந்து லொறியடியில் தந்தார். தோய்த்து, மடித்து, தாடியைக்கூடச் சீவியிருந்தார். "இந்த முறை என்னால ஏலாது. கோவத்தில இல்லை. அவள் பார்த்துக்கொண்டு நிப்பாள் எண்டு நினைக்கக் கால் எழும்புதில்லை." அவர் போய்விட்டார். மேளக்காரன்தான் பையைத் தூக்கி என் மடியில் போட்டான்.

"வாசிச்ச ஆள்தான் ஆட வேணும்."

"எனக்கு ஆடத் தெரியாது."

"அது உமக்கு வாற கவலை. எங்களுக்கு மேளம் தெரியும்."

உடுப்பு எனக்குத் தொளதொளத்தது. வயிற்றுக்குத் தலையணை, இடுப்புக்குக் கயிறு. முதல் வீடுகளில் பிள்ளைகள் என் தாடியை இழுத்தார்கள். "இந்த நத்தார் பாப்பா கட்டை" என்றது ஒன்று. குரலைத் தடிப்பாக்கிப் பெயர்களைக் கூப்பிட்டேன். ஆட்டம் என்று நான் செய்தது என்னவென்று எனக்கே தெரியாது. ஆனால் மனம் முழுக்க ஒரு வீட்டு வாசலிலேயே இருந்தது. அங்கே பார்சலைக் கொடுக்கக் குனியும்போது, அவள் காதில் சொல்லிவிட வேண்டும். கதை கட்டாமல், அப்பாவை இழுக்காமல், நான் செய்தது பிழை என்று மட்டும். முகமூடிக்குள் இருந்து சொல்வது சுலபம் என்றுகூட நினைத்தேன்.

ஒழுங்கைக்குள் திரும்பும்போது மழை தூறத் தொடங்கிவிட்டது. வாசல் லைற் எரிந்தது. தாயும் தகப்பனும் கதவடியில் நின்றார்கள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, காற்சட்டை கழலக் கழல, அவளுடைய தம்பி நின்றான். நாலு வயதிருக்கும்; ஞாயிறு வகுப்புக்கு அவளோடு வந்து குந்தியிருப்பான், ஒளிவிழா அன்று தாயின் மடியில் நித்திரை. மணிச் சத்தத்துக்கு அவன் தேகமெல்லாம் துள்ளியது. அப்பா ஒரு பக்கம், நத்தார் பாப்பா ஒரு பக்கம். அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

மேளம் தொடங்கவில்லை. நான் முதலில் அவளிடம் போய்க் குனிந்தேன். பார்சலை நீட்டினேன். வாயைத் திறந்தேன்.

அவள் பார்சலை வாங்குவதுபோல் கிட்ட வந்து, என் காதடியில் சொன்னாள்.

"கதைக்காதேங்கோ ரீச்சர். தம்பிக்கு உங்கட குரல் தெரியும்."

திறந்த வாயை மூடினேன். அவள் விலகி, தம்பியை முன்னுக்குத் தள்ளிவிட்டு, அவனுக்குக் கேட்கும்படி, தங்கள் அம்மா கதைக்கிற மாதிரியே கதைத்தாள். "இப்ப பார். நத்தார் பாப்பா எங்கட வீட்டிலயும் ஆடப் போறார்."

மேளக்காரன் அடிக்கத் தொடங்கினான். நான் ஆடினேன். மழையில் தலையணை ஊறிக் கனத்தது, இடுப்புக் கயிறு அவிழ்ந்தது, ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆடினேன். தம்பி சிரித்துச் சிரித்துக் கீழே குந்திவிட்டான். தகப்பன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தம்பிக்குப் பின்னால் நின்று, அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்து, மேளத்துக்குச் சரியாகத் தட்ட வைத்துக்கொண்டிருந்தாள். ஒருதரமாவது என்னைப் பார்ப்பாள் என்று பார்த்தேன். அவள் அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் எதையும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதுபோல.